வியன்னாவில் ஆறு நாள்: ஏழு வயதுக் குழந்தையோடு மாயப் புல்லாங்குழல்

முதல் நாள், செவ்வாய்: ரயிலில்

நாம் வாழும் ஜெர்மனியின் பவாரியா மாநிலத்தில் பள்ளிகளுக்குப் பெந்தெகொஸ்தே விடுமுறை இரண்டு வாரம். குழந்தையோடு வியன்னா போய் ஓபரா பார்க்க இதுதான் தோதான காலம். கோடை விடுமுறையில் போகலாம் என்று தள்ளிப்போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வியன்னா அரசு ஓபரா அரங்கான ஷ்டாட்ஸ்ஓபர் செப்டம்பரில் திறந்து ஜூன் கடைசியோடு பருவத்தை முடித்துக்கொள்ளும். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் கட்டடத்தைத்தான் சுற்றிப் பார்க்க முடியும்.

திட்டம் போடும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் ஓபரா டிக்கெட், அடுத்து ரயில், கடைசியில் தங்குமிடம். இந்த அரங்கில் ஒரே நாடகம் மாதக்கணக்கில் ஓடுவதில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. நாம் பார்க்கப்போகும் மாயப் புல்லாங்குழல் ஓபரா ஒரு சுற்றுக்குச் சில மாலைகள் மட்டுமே வரும். அந்த மாலையைப் பிடித்துவிட்டு, அதற்கு நாலு நாள் முன்னதாக ஊருக்குள் வந்து இறங்குவதுதான் இந்தப் பயணத்தின் கணக்கு. வந்த அன்றே ஓபரா வேண்டாம். ரயிலில் உட்கார்ந்து களைத்த உடம்பு மறுபடி மூன்று மணி நேரம் அசையாமல் உட்காராது.

எந்த ஓபரா என்பதில் குழப்பம் தேவையில்லை. முழுநீள ஓபராக்களில் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாங்குபவை இரண்டு: மொட்ஸார்ட்டின் மாயப் புல்லாங்குழல், ஹும்பர்டிங்கின் ஹென்ஸலும் கிரேட்டலும். இரண்டாவது 1893 டிசம்பர் 23 அன்று வைமாரில் அரங்கேறியது. இன்றும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் அதிகம் போடுகிறார்கள். மே, ஜூனில் போகிறவர்களுக்கு மாயப் புல்லாங்குழல்தான். இதில் பாட்டுக்கு நடுவே பேச்சும் வருகிறது, அது ஜெர்மன். இங்கே கிண்டர்கார்ட்டனில் வளர்ந்த குழந்தைக்கு அந்தப் பேச்சு நேராகக் காதில் ஏறும். அம்மாவும் அப்பாவும்தான் முன்னால் இருக்கும் சிறு திரையில் ஆங்கில எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் முழு ஓபரா வேண்டாம். அழைத்துப் போகும் பெற்றோரின் ஆசைதான் நிறைவேறும், குழந்தையுடையது அல்ல. அந்த வயதுக்குச் சின்ன அரங்குகள் இருக்கின்றன. ஷ்டாட்ஸ்ஓபரே 2024 டிசம்பரில் கார்ல்ஸ்பிளாட்ஸ் பக்கம் கூன்ஸ்ட்லர்ஹௌஸ் கட்டடத்தில் நெஸ்ட் என்ற இரண்டாவது மேடையைக் குழந்தைகளையும் இளையோரையும் மனதில் வைத்துத் திறந்திருக்கிறது.

இனி இருக்கை. மொத்தப் பயணத்திலும் பணத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால் பதில் இதுதான், ஹோட்டல் இல்லை. அரங்கு குதிரை லாட வடிவம். கீழ்த்தளமான பார்ட்டரில் விலை அதிகம், ஆனால் ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயரக் குழந்தைக்கு முன்வரிசைக்காரரின் கழுத்துதான் தெரியும். மேலே கேலரியில் நடுப்பகுதியில் ஓசை அருமையாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் மேடை தீப்பெட்டி அளவு, முகபாவம் ஒன்றும் தெரியாது. குழந்தைக்கு ஏற்றது லோஜ், அதாவது பக்கவாட்டுப் பெட்டி. அதிலும் முதல் வரிசை மட்டும். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தால் பாதி மேடை போய்விடும், மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றால்தான் ஏதாவது தெரியும். ‘பார்வை மறையும்’ என்ற குறிப்போடு மலிவாக விற்கும் டிக்கெட் இந்த இடங்களுக்குத்தான். மேடைக்கு மிக அருகில் உள்ள பெட்டியும் வேண்டாம், தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கும். அரங்கின் நடுவை நோக்கி நகர நகர நல்லது. மூன்று பேருக்கு முன்வரிசை கிடைக்காவிட்டால் குழந்தையும் ஒருவரும் முன்னால், மற்றவர் பின்னால் என்று பிரித்துக்கொள்ளலாம்.

லோஜைச் சொல்ல இன்னும் மூன்று காரணம் உண்டு. நாற்காலிகள் தனித்தனி, குழந்தைக்கு ஏற்றபடி கொஞ்சம் நகர்த்தலாம். பெட்டிக்குப் பின்னாலேயே சொந்தக் கதவு, நடுவில் கோட் மாட்டும் சிற்றிடம். குழந்தைக்கு அவசரம் வந்தால் இருபது பேர் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியேற வேண்டாம். மூன்றாவது, மேலிருந்து இசைக்குழுப் பள்ளம் தெரியும். இது எவ்வளவு பெரிய வரம் என்பது சனிக்கிழமை விளங்கும்.

குழந்தைகளுக்குக் குறைந்த விலை உண்டு, ஆனால் அளவோடுதான் ஒதுக்குகிறார்கள். டிக்கெட் விற்பனை தொடங்கும் முதல் நாளே பாருங்கள். இன்னொன்று: அரங்கைச் சுற்றி வெள்ளை விக்கும் மொட்ஸார்ட் கால அங்கியும் போட்டுக்கொண்டு டிக்கெட் நீட்டுகிறவர்கள் சுற்றுலாக் கச்சேரிகளுக்கு விற்பவர்கள். அவர்களிடம் வாங்கினால் எங்கேயோ ஒரு கூடத்தில் ஓபராவின் தனிப்பாட்டான அரியா நான்கு கேட்டுவிட்டு வரலாம், ஷ்டாட்ஸ்ஓபருக்குள் அல்ல.

தங்குமிடம் தலைமை ரயில் நிலையமான ஹௌப்ட்பான்ஹோஃப் பக்கம் எடுத்தால் யூ1 சுரங்க ரயிலில் இரண்டே நிறுத்தத்தில் ஓபராவுக்கு அருகிலுள்ள கார்ல்ஸ்பிளாட்ஸ். ஓபரா முடியும்போது மணி பத்து. தூங்கிவிழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவது எத்தனை கடினம் என்பதை நினைத்து இடம் எடுங்கள்.

ம்யூனிக்கிலிருந்து ரெயில்ஜெட் விரைவு ரயிலில் சுமார் நாலு மணி நேரம். குடும்பப் பகுதியில் இடம் போட்டால் குழந்தைகளுக்குப் படம் ஓடும் சின்னத் திரை இருக்கும். வழியில் சால்ஸ்பர்க். மொட்ஸார்ட் பிறந்த ஊர் என்று ஜன்னல் வழியே காட்டிவிட்டு விட்டுவிடலாம். இறங்கி ஏற ஆசைப்பட்டால் ஒரு நாள் போய்விடும்.

இரண்டாம் நாள், புதன்: கதை

காலை ஹௌஸ் டெர் மூஸிக். ஓபராவிலிருந்து ஐந்து நிமிட நடை. 2000இல் திறந்த இசை அருங்காட்சியகம். நுழைந்ததும் பியானோக் கட்டை போன்ற படிக்கட்டு, மிதித்தால் ஒலிக்கும். குழந்தைகள் இங்கேயே அரை மணி நேரம் ஏறி இறங்குவார்கள், விட்டுவிடுங்கள். மேல்தளத்தில் கோல் பிடித்து வியன்னா ஃபில்ஹார்மோனிக்கைத் திரையில் நடத்தும் விளையாட்டு இருக்கிறது. கையை வேகமாக ஆட்டினால் வாத்தியம் வேகமாகும், தப்பாக ஆட்டினால் இசைக்குழுவே நிறுத்திவிட்டுத் திட்டும். கீழே பள்ளத்தில் நிற்கும் மனிதர் குச்சியை ஏன் ஆட்டுகிறார் என்று ஓபராவில் எல்லாக் குழந்தையும் கேட்கும். பதிலை இங்கே கையாலேயே கற்றுக்கொண்டுவிடும். அந்த இசைக்குழுவின் உறுப்பினர்கள்தான் ஷ்டாட்ஸ்ஓபரிலும் வாசிப்பவர்கள் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

மதியம் அறையில் கதை. இதைத் தமிழில் சொல்லுங்கள். ஜெர்மன் படப்புத்தகம் கடையில் கிடைக்கும், வாங்கலாம். ஆனால் கதையின் முடிச்சுகளைக் குழந்தை வீட்டு மொழியில் கேட்டால்தான் நின்று நிதானமாகக் கேள்வி கேட்கும். பறவை பிடிக்கும் பாப்பகேனோவைத் தெருக்கூத்துக் கட்டியக்காரனாக நினைத்துக்கொண்டால் சொல்வது எளிது. இளவரசன் தமீனோ பெரிய பேச்சுப் பேசுவான். கூடவே வரும் இந்தப் பறவை பிடிப்பவனோ சோறும் கள்ளும் ஒரு பெண்டாட்டியும் போதும் என்பான், சபையைப் பார்த்துப் பேசுவான், பயந்தால் பயந்ததாகச் சொல்வான்.

சொல்லும்போது மறைக்கக்கூடாத இடங்கள் சில. இரவின் ராணி முதலில் மகளைப் பறிகொடுத்த தாயாக வந்து அழுவாள். நாமும் அவள் பக்கம் சாய்வோம். பாதியில் அது புரண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போன ஸராஸ்ட்ரோ நல்லவன் என்றாகிவிடும். ‘நல்லவன் எதுக்கு அவளைத் தூக்கிட்டுப் போனான்?’ என்று குழந்தை கேட்டால் அது குழந்தையின் குழப்பம் இல்லை, கதையிலேயே உள்ள ஓட்டை. அப்படியே ஒப்புக்கொள்ளலாம். ராணி மகள் பமீனாவின் கையில் கத்தியைக் கொடுத்து ஸராஸ்ட்ரோவைக் கொல்லச் சொல்வாள். பமீனா ஒரு கட்டத்தில் அந்தக் கத்தியைத் தன் மேலேயே திருப்புவாள். பாப்பகேனோ கயிற்றோடு மரத்தடிக்குப் போவான். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி யாராவது தடுப்பார்களா என்று பார்ப்பான். மூன்று சிறுவர்கள் வந்து தடுப்பார்கள். இவை முன்பே தெரிந்திருந்தால் குழந்தை அடுத்து என்ன என்று காத்திருக்கும். தெரியாவிட்டால் இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு அழும். மொனோஸ்டாடொஸ் என்ற கறுப்பினக் காவலாளியைப் பற்றிய வரிகள் 1791இன் இழிவான பார்வையோடு எழுதப்பட்டவை. இப்போது பல தயாரிப்புகளில் மாற்றிவிடுகிறார்கள், சிலவற்றில் தங்கிவிடுகிறது. பெண் பேச்சைக் கேட்காதே என்று குருமார் சொல்லும் இடங்களும் அப்படித்தான். நம் நிறக் குழந்தை ஜெர்மன் எழுத்தைத் தானே படிக்கும் வயதில் இருந்தால் இதைப் பற்றி முன்கூட்டியே ஒரு பேச்சு அவசியம்.

கதைக்குப் பின் மூன்று பாட்டு மட்டும் கேட்கவைத்தால் போதும்: பாப்பகேனோ வரும் பாட்டு, ராணியின் இரண்டாவது பாட்டு, கடைசியில் அவனுக்கு ஜோடியாகப் பாப்பகேனா கிடைத்ததும் இருவரும் பா-பா-பா என்று திக்கித் திக்கிப் பாடுவது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் மேடையில் புதிதாக ஒன்றும் இருக்காது.

பாப்பகேனோ ஊதும் சிறு குழலில் வருவது ஐந்தே சுரம், வரிசையாக ஏறும். கர்நாடக இசை வகுப்புக்குப் போகும் குழந்தையானால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்: ச ரி க ம ப. ஆனால் சரளி வரிசையில் பழகிய மாயாமாளவகௌளையின் ரி இல்லை, சங்கராபரணத்தின் ரி. அந்த ஒரு சுர வித்தியாசத்தைப் பாடிக் காட்டினால் அரங்கில் குழல் கேட்கும் ஒவ்வொரு தடவையும் குழந்தை நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாம் நாள், வியாழன்: பொம்மைகள்

யூ4 பிடித்து ஷோன்ப்ருன் அரண்மனை. அங்கே நூலில் ஆடும் பொம்மைகளின் அரங்கு ஒன்று உண்டு, மாயப் புல்லாங்குழலை முழுசாகவும் சுருக்கியும் போடுகிறார்கள். சுருக்கத்தை எடுங்கள். பாம்பு வரும் இடம், இருட்டு, இடி எல்லாம் இங்கே பொம்மை அளவில் பழகிவிடும். பொம்மலாட்டம் தெரிந்த நம் கண்ணுக்கு, கையின் மேல் ஓடும் நூலைப் பார்ப்பதே தனி ரசனை.

இந்த அரண்மனையில்தான் 1762 அக்டோபர் 13 அன்று ஆறு வயது மொட்ஸார்ட் பேரரசி மரியா தெரேஸா முன்னிலையில் வாசித்தான். தேதியை நினைவில் வையுங்கள், நாளை வேண்டும்.

பக்கத்திலேயே விலங்குக் காட்சிசாலை. இன்றைக்குப் போகலாம், சனிக்கிழமை கூடாது. ஓபரா நாளில் அங்கே போன கால் மாலையில் ஒத்துழைக்காது.

நான்காம் நாள், வெள்ளி: பழைய தெருக்களும் வெளித் திரையும்

காலையில் ஒரு நடை. ஓபராவிலிருந்து பத்து நிமிடத்தில் தியேட்டர் அன் டெர் வீன். பின்பக்கம் மில்யோக்கர்காஸேயில் பாப்பகேனோ வாசல் என்று ஒன்று, மேலே இறகு உடுத்த உருவம். அது எமானுவேல் ஷிகனேடர். மாயப் புல்லாங்குழலின் பாடல் நாடகத்தை எழுதியவர், முதல் பாப்பகேனோவாக நடித்தவர், 1801இல் இந்த அரங்கைக் கட்டியவர். ஓபரா அரங்கேறியது இங்கே அல்ல. 1791 செப்டம்பர் 30 அன்று பக்கத்து ஃப்ரைஹௌஸ் வளாகத்தில் இருந்த அரங்கில். அந்த வளாகம் இப்போது இல்லை, பெயர் மட்டும் தெருவில் மிச்சம். இன்னும் சற்று நடந்தால் மொட்ஸார்ட்பிளாட்ஸ், நடுவே நீரூற்று. அதில் குழல் ஊதி நிற்பவன் தமீனோ, ஒட்டி நிற்பவள் பமீனா. கதை தெரிந்த குழந்தை தானே கண்டுபிடிக்கும், சொல்லிவிடாதீர்கள்.

இங்கே நின்று சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அரங்கேற்றம் ஆகி இரண்டு வாரத்தில், 1791 அக்டோபர் 13 அன்று, மொட்ஸார்ட் தன் மகன் கார்லை இந்த ஓபராவுக்கு அழைத்துவந்தார். பையனுக்கு ஏழு வயது. அதே தேதியில் 29 வருடம் முன்புதான் அவர் ஷோன்ப்ருனில் வாசித்திருந்தார். மறுநாள் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஓபராவுக்கு அழைத்துப் போனதில் கார்லுக்குத் தாங்க முடியாத சந்தோஷம் என்கிறார். அன்றைக்கு விருந்தாளியாக வந்திருந்த இசையமைப்பாளர் ஸலியேரி ஒவ்வொரு பாட்டுக்கும் பாராட்டினார் என்ற செய்தியும் அதே கடிதத்தில்தான். டிசம்பர் 5 அன்று மொட்ஸார்ட் இறந்துபோனார். கடிதம் போன ஊர் பாடன். மனைவி அங்கே வெந்நீர் ஊற்றுச் சிகிச்சையில் இருந்தார். ஓபரா எதிரிலிருந்து கிளம்பும் நீல வெள்ளை டிராம் இன்றும் பாடனுக்குத்தான் போகிறது.

மதியம் நாஷ்மார்க்ட் சந்தையில் சாப்பாடு. மாலை ஒத்திகை. ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் பல மாலைகள் உள்ளே நடக்கும் ஓபராவை அப்படியே வெளிச்சுவரில் 50 சதுர மீட்டர் திரையில் காட்டுகிறார்கள், அரங்கை ஒட்டிய கரயான் பிளாட்ஸ் சதுக்கத்தில், இலவசமாக. என்ன ஓபரா என்பது முக்கியமில்லை. நாற்காலி கிடைத்தால் அரை மணி நேரம் உட்காரவையுங்கள், எழுந்தால் நடக்கவிடுங்கள், சலித்தால் கிளம்பிவிடுங்கள். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் குழந்தை எத்தனை நிமிடத்தில் நெளிய ஆரம்பிக்கிறது. இருபது என்றால் நாளை சமாளிக்கலாம். ஐந்து என்றால் நாளைக்கு முதல் பாதி மட்டும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

ஐந்தாம் நாள், சனி: ஓபரா

ஏழு மணிக்கு ஆரம்பம் என்றால் காலையிலிருந்தே பின்னோக்கி எண்ண வேண்டும். காலையில் புர்க்கார்ட்டன் பூங்கா, மொட்ஸார்ட் சிலைக்கு முன்னால் பூவால் வரைந்த இசைக்குறி, ஓட்டம், பந்து. ஒரு மணிக்கு நல்ல சாப்பாடு. இரண்டிலிருந்து மூன்றரை வரை திரைச்சீலை இழுத்துவிட்டுப் படுக்கவையுங்கள். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, படுத்திருந்தால் போதும். நாலே முக்காலுக்குத் தயிர்சாதம் அல்லது இட்லி. ஐந்தரைக்கு மேல் ஜூஸ் வேண்டாம், ஒரு மடக்குத் தண்ணீர் மட்டும். இடைவேளை வர எட்டேகால் ஆகிவிடும் என்பதால் இந்தச் சிற்றுண்டிதான் தாங்க வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு இடைவேளையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்களுக்கு வரிசையிலேயே இடைவேளை தீர்ந்துவிடும்.

உடை. கண்டிப்பான விதி என்று பயப்பட வேண்டாம், ஆனால் அரைக்கால் சட்டையும் கடற்கரைச் செருப்பும் ஆகாது. பட்டுப்பாவாடை அழகுதான், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்; மெல்லிய பாட்டின்போது அது சரசரவென்று கேட்கும், அப்போதும் திரும்பிப் பார்ப்பார்கள். பருத்திப் பாவாடை நல்லது. கொலுசும் கண்ணாடி வளையலும் அறையிலேயே இருக்கட்டும். மிதித்தால் விளக்கு எரியும் ஷூ, வெல்க்ரோ ஷூ இரண்டும் கூடாது. வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டி விளையாடுவதில் குழந்தைக்கு உள்ள சுகம் அக்கம்பக்கத்தாருக்கு இருப்பதில்லை.

ஆறு மணி பத்துக்குள் வாசலில் இருங்கள். ஆரம்பித்த பின் வந்தால் உள்ளே விடமாட்டார்கள், இடைவேளை வரை வெளியே டிவியில்தான் பார்க்க வேண்டும். முதுகுப்பையையும் குடையையும் கார்டெரோபே கவுண்ட்டரில் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு உயரத் திண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஸிட்ஸ்போல்ஸ்டர் என்றால் புரியும். கேட்பவருக்குத்தான் கிடைக்கும். கைப்பையில் கைக்குட்டை, சிறு தண்ணீர்ப் புட்டி, உறை இல்லாத இரண்டு மிட்டாய் போதும். மிட்டாய் உறையைப் பிரிப்பது மெதுவாகச் செய்தால் அதிக நேரம் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரம் மிச்சமிருந்தால் பெரிய படிக்கட்டையும் ஷ்விண்ட் கூடத்தையும் காட்டுங்கள். 1869இல் திறந்த கட்டடம் இது. 1945 மார்ச் 12 குண்டுவீச்சில் மேடையும் பார்வையாளர் பகுதியும் எரிந்துபோயின. முன்பக்கமும் இந்தப் படிக்கட்டும் கூடமும் தப்பின. 1955 நவம்பர் 5 அன்று மறுபடி திறந்தார்கள். தப்பிய பகுதியில் ரிங் சாலையைப் பார்த்த திறந்த மாடமும் ஒன்று. அதில் மோரிட்ஸ் ஃபொன் ஷ்விண்ட் தீட்டிய மாயப் புல்லாங்குழல் ஓவியங்கள் உள்ளன. மாடம் திறந்திருந்தால் பாப்பகேனோ எங்கே என்று தேடவிடலாம்.

ஆறு நாற்பதுக்குக் கழிப்பறை. வேண்டாம் என்று சொன்னாலும் கூட்டிப்போங்கள். ஆறு ஐம்பதுக்கு இருக்கை. திரைக்கு முன்னால் தொங்கும் இரும்புத் திரையில் 176 சதுர மீட்டர் ஓவியம், பருவத்துக்கு ஒன்றாக மாறும். விளக்கணையும் வரை அதைப் பற்றிப் பேசலாம். லோஜின் கைப்பிடிச் சுவரில் நிகழ்ச்சிப் புத்தகம், தொலைநோக்கி, பொம்மை எதையும் வைக்கவிடாதீர்கள். விழுந்தால் கீழே ஒருவர் தலை இருக்கிறது. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டி, வெளிச்சம் இருக்கும்போதே பார்வையைச் சரிசெய்துவிடுங்கள். எழுத்து வரும் சின்னத் திரையை, படிக்கத் தெரியாத குழந்தைக்கு அணைத்துவிடுவது மேல். இல்லாவிட்டால் மேடையை விட்டு அதையே தட்டிக்கொண்டிருக்கும்.

பேச முடியாத நேரத்துக்குக் கை மொழி ஒன்று முன்பே பேசி வையுங்கள்: ஒரு அழுத்து தண்ணீர், இரண்டு கழிப்பறை, மூன்று பயம். கேள்விகள் கைதட்டல் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஓபராவில் பாட்டு முடிந்ததும் கைதட்டுவார்கள், அதனால் அடிக்கடி வாய்ப்பு வரும். குழந்தைக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: எத்தனை ‘மூன்று’ வருகிறது என்று விரல் விட்டு எண்ணுவது. தொடக்க இசையில் முழங்கும் நாதங்கள், மூன்று பெண்கள், மூன்று சிறுவர்கள், மூன்று கோயில்கள் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

திரை விலகுமுன் ஏழு நிமிடத் தொடக்க இசை. ‘எப்ப ஆரம்பிக்கும்?’ என்ற முதல் கேள்வி இங்கே வரும். பள்ளத்தைக் காட்டுங்கள். முதல் பாதி சுமார் எழுபது நிமிடம், குழந்தைக்குச் சிரமமே இல்லை: பாம்பு, பாப்பகேனோ வாய்க்குப் பூட்டு, ராணி, குழலுக்கு வந்து ஆடும் விலங்குகள், மணி ஓசைக்கு ஆடிப்போகும் காவலர்கள். பாப்பகேனோ மேடையில் மணிப்பெட்டியைத் தட்டும்போது தொலைநோக்கியைப் பள்ளத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். உண்மையில் வாசிப்பவர் அங்கே இருக்கிறார். 1791இல் ஒரு மாலை மொட்ஸார்ட்டே உள்ளே போய் அந்த மணியை வாசித்து, ஷிகனேடர் தட்டாத நேரத்தில் வேண்டுமென்றே ஒலிக்கவிட்டு அவரை மாட்டிவிட்டிருக்கிறார். ஷிகனேடர் பெட்டியை அடித்து ‘வாயை மூடு’ என்றாராம். அவர் வாசிக்கவில்லை என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது என்று மொட்ஸார்ட் எழுதுகிறார். இந்தக் கதையைத் தெரிந்த குழந்தை பள்ளத்தை விட்டுக் கண்ணை எடுக்காது.

இடைவேளையில் முதலில் கழிப்பறை, பிறகு தண்ணீர், பிறகு நடை. வரிசை மாறினால் கழிப்பறை வாசலிலேயே மணி அடித்துவிடும்.

இரண்டாம் பாதி எண்பது நிமிடத்துக்கு மேல், முதல் இருபது நிமிடம் மகா கஷ்டம். குருமார் ஊர்வலம், நீண்ட பேச்சு, தாழ்ந்த குரலில் பிரார்த்தனை. அரங்கில் தூங்கும் குழந்தைகள் தூங்குவது இங்கேதான், பெரியவர்களில் சிலரும். தூங்கினால் மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். ராணி திரும்பி வரும்போது எழுப்பினால் போதும். அந்தப் பாட்டில் குரல் மைக் இல்லாமல் உச்ச ‘எஃப்’ சுரத்தை நான்கு முறை தொடும். முதல் பாதிப் பாட்டில் ஒரே முறை. எண்ணும் விளையாட்டுக்கு இதுவும் சேரும். பிறகு பமீனாவின் சோகப் பாட்டு மெதுவாக நகரும். நடுநடுவே தனக்குப் பதினெட்டு வயதும் இரண்டு நிமிடமும் என்று சொல்லும் கிழவி வந்து சிரிக்கவைப்பாள். அதன்பின் நெருப்பு, நீர், கயிறு, பா-பா-பா என்று வேகம் பிடித்துவிடும்.

அதனால்தான் இடைவேளையில் கிளம்புவதா என்பது கஷ்டமான முடிவு. குழந்தைக்குப் பிடித்தவை கடைசி முக்கால் மணியில் குவிந்திருக்கின்றன. கண் எரிகிறது, காலை உதைக்கிறது, எதற்கெடுத்தாலும் அழுகிறது என்றால் கிளம்பிவிடலாம், டிக்கெட் காசைக் கணக்குப் பார்க்க வேண்டாம். வெறும் சலிப்பு என்றால் அந்த இருபது நிமிடத்தை லோஜுக்குப் பின்னால் கோட் மாட்டும் இடத்தில் மடியில் வைத்துக் கழித்துவிட்டுத் திரும்புங்கள். கீழ்த்தளத்தில் உட்கார்ந்தவருக்கு இந்த வழி கிடையாது.

கைதட்டல் ஓய்வதற்குள் ஒருவர் கார்டெரோபேக்குப் போய்விட்டால் பதினைந்து நிமிட வரிசை மிச்சம். பத்தரைக்குள் படுக்கை.

ஆறாம் நாள், ஞாயிறு: திரும்புதல்

ஞாயிறு வியன்னாவில் சூப்பர் மார்க்கெட்டுகள் பூட்டியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் விதிவிலக்கு. ரயிலுக்கான ரொட்டியையும் பழத்தையும் சனி மதியமே வாங்கிவையுங்கள். பத்து மணிக்கு முன்னால் ரயில் போடாதீர்கள், குழந்தை எழுந்திருக்காது.

எழுந்ததும் ‘பிடிச்சுதா?’ என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் வரும். ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுங்கள். என்ன வரைகிறது என்பதில் தெரிந்துவிடும். பாம்பும் பூட்டும்தான் அதிகம் வரும், ஸராஸ்ட்ரோவை யாரும் வரைவதில்லை.

அடுத்தது டிசம்பரில் ஹென்ஸலும் கிரேட்டலும். அதற்கு ஃபோல்க்ஸ்ஓபரையும் பாருங்கள்: 1898இல் திறந்த அரங்கு, யூ6 வாசலிலேயே நிற்கும், குழந்தைகளுக்கு நல்ல தள்ளுபடி, ஓபராவைப் பெரும்பாலும் ஜெர்மனில் பாடுவார்கள். சூனியக்காரி அடுப்பில் தள்ளப்படும் கதையை இங்குள்ள குழந்தைகள் முன்பே கேட்டிருப்பார்கள், பாதி வேலை மிச்சம்.

அருங்காட்சியகக் கடைகளிலும் சந்தையிலும் பாப்பகேனோ குழல் கிடைத்தால் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ரெயில்ஜெட்டில் ரூஹெட்ஸோனே என்ற அமைதிப் பெட்டியில் மட்டும் இடம் போட்டுவிடாதீர்கள். ம்யூனிக் வரை நாலு மணி நேரம், ச ரி க ம ப.